தொண்டை அசையும் வரை

குழாயைத் திறப்பதற்கு முன்னால் அவள் கைப்பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுப்பாள். நான்காக மடித்த பழைய வேட்டித் துண்டு. அதைக் குழாய் வாயில் கட்டி, அதன் வழியாகத் தண்ணீரைப் பாட்டிலில் பிடிப்பாள். முடிந்ததும் துணியை உதறமாட்டாள். திருப்பிப் போட்டு, கொஞ்சம் வடிகட்டிய தண்ணீர் விட்டு அலசி, அந்தத் தண்ணீரை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் பின்னால் இருக்கிற கிணறு வரைக்கும் நடந்துபோய் ஊற்றிவிட்டு வருவாள். குழாய்க்குத் தண்ணீர் அந்தக் கிணற்றிலிருந்துதான் ஏறுகிறது.

“இன்னா பா, துணியில எதுனா சிக்குச்சா?” என்று முதல் நாள் கேட்டேன்.

“கண்ணுக்கு ஒண்ணும் தெரியல.”

“தெரியாததுக்கு எதுக்கு இவ்ளோ தூரம் நடக்கறே?”

“தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா?”

சண்டைக்கு இழுக்கிற குரல் இல்லை. நிஜமாகவே என்னிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் செஞ்சியில் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். என் வகுப்பில் படித்தவள், கடைத்தெருவில் நெல் மண்டி வைத்திருக்கிற சமணக் குடும்பத்துப் பெண் என்பது போதும். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்கிற வீடு. எறும்பு வரிசை போனால் நின்று தாண்டிப் போகிற வீடு. எங்கள் வீடு நண்டு பிடித்து, வயல் எலி பிடித்து, ஞாயிற்றுக்கிழமை கோழி அறுத்து வளர்ந்த வீடு. அனந்தபுரம் போகிற சாலையில் எங்கள் ஊர். ஏரிக்குக் கீழே நைனாவுக்கு ஒன்றரைக் காணி நிலம். வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள் நான். எம்.எஸ்சி. விலங்கியல் என்றால் என்னவென்று நைனாவுக்கு இன்றைக்கும் தெரியாது. “பையன் பூச்சி படிப்பு படிக்கிறான்” என்றுதான் டீக்கடையில் சொல்வார்.

எங்கள் இரண்டு பேரையும் ஒரே மேசையில் உட்காரவைத்தது தவளை.

அந்த வருஷம் ஐப்பசி மழை பிடித்த பத்தாம் நாள் எங்கள் ஏரியில் தவளைகள் செத்து மிதந்தன. மதகுப் பக்கம் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு, வாரிக் கொட்டினாற்போல. மூன்று நாளைக்கு முன்னால் நைனா நெல்லுக்குப் பூச்சிமருந்து அடித்துவிட்டு, மருந்தடிக்கிற டப்பாவை மதகுக் கல்லில் உட்கார்ந்து அலம்பியிருந்தார். பார்த்தவர்கள் நாலு பேர். அவ்வளவுதான். டீக்கடையில் அவருக்குப் பெயர் விழுந்துவிட்டது. “தவளக்கொல்லி வர்றாரு, டீய மூடி வையுங்கப்பா.”

ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஏரித்தண்ணீரில் விஷம் கலந்தவனுக்கு இந்தப் பட்டத்துக்கு மதகுத் தண்ணீர் கிடையாது என்று ஒரு கட்சி. தீர விசாரிக்காமல் சொல்லக்கூடாது என்று ஒரு கட்சி. மார்கழியில் மதகு திறப்பதற்கு முன்னால் முடிவு சொல்வதாகத் தலைவர் கலைத்துவிட்டார். தண்ணீர் இல்லையென்றால் கதிர் வராது. ஆனால் நைனாவைத் தின்றது அது இல்லை.

“எப்பவும் அலம்பறதுதான்டா. எல்லாரும் அலம்பறதுதான். இத்தினி உசுரு…” என்று வாசலில் உட்கார்ந்து சொல்வார். “நான்தான் கொன்னுட்டனாடா? படிச்சவன்தானே நீ, சொல்லேன்.”

நான் செத்த தவளைகள் நான்கைப் பாட்டிலில் போட்டு எங்கள் சாரிடம் கொண்டுபோனேன். அவர் தொடை இடுக்கைப் பிரித்துப் பார்த்தார். ரத்தம் கட்டினாற்போலச் சிவந்திருந்தது. “மருந்து மாதிரி தெரியலயேப்பா” என்றார். தவளைகளைத் தாக்குகிற ஒரு வகை வைரஸ் இருக்கிறது, ஈரலிலும் சிறுநீரகத்திலும் பெருகும், மனிதருக்கு ஒன்றும் செய்யாது, ஒரு குட்டையில் நுழைந்தால் குட்டையே காலியாகிவிடும் என்று சொன்னார். அதைக் கண்ணால் பார்க்க எலெக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். சென்னையில் ஒரு பெரிய ஆய்வகத்தில் இருக்கிறது. அங்கே அவருக்குத் தெரிந்தவர் மூலம் ஒருநாள் வாங்கித்தர முடியும். “ஆனா செத்து மெதக்கறத வெச்சி ஒண்ணும் பண்ண முடியாது. உசுரு போன நாலஞ்சி நிமிஷத்துல ஈரல பதப்படுத்தற மருந்துல போடணும். லேட் ஆனா செல்லு தானா கரைய ஆரம்பிச்சிடும்.” அதற்கு வேண்டிய அனுமதியை எல்லாம் அவரே எழுதி வாங்கினார். இதையே ப்ராஜெக்டாக எங்கள் இருவருக்கும் கொடுத்தார்.

நோய்ப்பட்ட தவளையை மயக்கமருந்து கரைத்த தண்ணீரில் விட வேண்டும். வலி தெரியாமல் சில நிமிடத்தில் அடங்கிவிடும். அதுதான் முறை. அவள் மாட்டேன் என்றாள்.

“அது எப்படியும் சாவப்போவுது சார். நான் எதுக்கு அவசரப்படுத்தணும்? கூடவே உக்காந்துக்கறேன்.”

சார் சிரித்துவிட்டார். “உக்காரும்மா. எத்தினி நாளைக்கின்னு பாக்கறேன்.”

அவள் உட்கார்ந்தாள். அவளைப் பற்றி யார் கேட்டாலும் எனக்கு முதலில் கண்ணுக்கு வருவது அந்த உட்கார்ந்த கோலம்தான். ஈரத்துணி விரித்த பிளாஸ்டிக் டப்பாவில் தவளை. பக்கத்தில் பனிக்கட்டிக்குள் மருந்துச் சீசாக்கள், ஒரு புது பிளேடு, கழற்றிவைத்த கைக்கடிகாரம். கன்னத்தில் கைவைத்து அதன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருப்பாள். தவளைக்கு மூச்சு தொண்டையில் தெரியும். விறுவிறுவென்று அசைகிற தோல் மெல்ல மெல்ல நிதானப்பட்டு, விட்டு விட்டு அசைந்து, ஒரு நேரம் நின்றுபோகும். நின்ற பிறகும் இரண்டு நிமிடம் விடுவாள். தன் தலைமுடி ஒன்றைப் பிடுங்கி அதன் கண்ணோரம் தொட்டுப் பார்ப்பாள். பிறகுதான் பிளேடு.

அதுவரைக்கும் விரலால்கூடத் தொடமாட்டாள். நோய் முற்றியிருக்கிறதா என்று வயிற்றுப் பக்கம் புரட்டிப் பார்க்க நான் ஒருமுறை கையை நீட்டியபோது தட்டிவிட்டாள்.

“சாவப்போறத புரட்டக் கூடாது பா. எந்தப் பக்கம் சாயறதுன்றது ஒண்ணுதான் அதுக்கு மிச்சம் இருக்குது.”

ஏரியில் பிடிக்கும்போதே நான் புரட்டித் தொடையைப் பார்த்துப் பிடித்து வரவேண்டும், இங்கே வந்த பிறகு புரட்டக் கூடாது. அது எங்களுக்குள் ஒப்பந்தம். அவள் என் கண்ணை நம்பினாள்.

ஒரு நீள நோட்டில் கட்டம் போட்டு வைத்திருந்தாள். எண், உட்கார்ந்த நேரம், தொண்டை நின்ற நேரம், எப்படி. ‘எப்படி’ என்ற கட்டத்தில் எப்போதும் ஒரே வார்த்தை: தானாக.

வகுப்பில் பையன்கள் விடுவார்களா? “ஏம்பா, வைரஸ்ஸும் ஒரு உசுருதானே? அத மருந்துல போட்டு சாவடிக்கிறியே, பாவம் இல்லியா?”

“அது உசுரா இல்லியான்னு இன்னும் பெரியவங்களே முடிவு பண்ணல. நடுவுல நான் எதுக்கு?”

“அப்போ கொசு?”

“கொசுவ விரட்டுவேன். நீ கடிச்சா உன்னயும் விரட்டுவேன்.”

அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவனைக் கொசு என்றே கூப்பிட்டோம்.

அப்படி உட்கார்ந்து காத்திருப்பது எளிதாக இல்லை. முதல் தவளை அவள் சாப்பிடப் போன அரைமணியில் போய்விட்டது. அதிலிருந்து அவள் மதியச் சாப்பாட்டை நுண்ணோக்கி மேசைக்கே கொண்டுவந்தாள். இரண்டாவது மூன்றாவது எல்லாம் விடிவதற்கு முன்னால் யாரும் இல்லாதபோது. நான்காவதில் பனிக்கட்டி உருகிப்போயிருந்தது. ஐந்தாவது தவளை ஒருநாள் முழுக்க இழுத்துக்கொண்டிருந்தது. பொழுது சாயப்போகிறது என்று நான் பன்னும் வாழைப்பழமும் வாங்கிவந்தேன். “அது கண்ண மூடித் தொறந்துனு இருக்குது. இப்ப எப்படி சாப்பிடறது?” என்றாள். ஜன்னலுக்கு வெளியே ராஜகிரிக் கோட்டை மலை மேல் இருந்த வெளிச்சமும் போயிற்று. தொண்டை நின்றபோது விளக்குப் போட்டிருந்தோம். பழத்தை என்னிடமே நீட்டினாள். மறுநாள் காலை வரைக்கும் பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அந்தத் தவளையின் ஈரலும் சரியாக வரவில்லை. நான் அவசரத்தில் பெரிய துண்டாக வெட்டிவிட்டிருந்தேன், மருந்து உள்ளே இறங்கவில்லை. அவள் என்னைத் திட்டவில்லை. “அடுத்ததுல சின்னதா வெட்டு” என்றாள்.

இதற்கிடையில் ஏரியைப் பார்க்க எங்கள் ஊருக்கு வந்தாள். போகிற வழியில் எங்கள் வீட்டில் தண்ணீர் கேட்டாள். அம்மா சொம்பில் கொடுத்ததும் துணியை எடுத்தாள். நைனா முகம் சுருங்கிவிட்டது.

“எங்க ஊட்டுத் தண்ணி ஆவாதாம்மா? நானு அலம்பினதுனால…”

“ஐயயோ, எங்க வீட்லயும் இப்படித்தான் ஐயா. இதுல எதுனா சின்ன உசுரு இருந்தா திரும்ப ஏரியிலயே விட்டுடணும். அதுக்குத்தான்.”

நைனா எழுந்து வந்தார். பத்து நாளாக ஏரிப்பக்கம் போகாத மனுஷன். “குடும்மா, நான் ஊத்திட்டு வர்றேன்” என்று அவள் கையிலிருந்து துணி அலசின சொம்பை வாங்கிக்கொண்டு, சிந்தாமல் பிடித்தபடி கரை ஏறிப் போனார். திரும்பி வந்து அவள் எதிரில் நின்றார்.

“நீ சொல்லும்மா. நானா?”

“தெரியாம சொல்லமாட்டேன் ஐயா. பாத்துட்டு நானே வந்து சொல்றேன்.”

ஆறாவது தவளையில் எல்லாம் கூடிவந்தது. பகல் பதினொன்றரைக்குத் தொண்டை நின்றது. மூன்றாவது நிமிடத்தில் ஈரல் மருந்துக்குள் இருந்தது. கடுகளவு துண்டுகள், நானே வெட்டினேன். அவள் நோட்டில் ‘தானாக’ என்று எழுதி, கீழே ஒரு கோடு இழுத்தாள். அன்றைக்குத்தான் அவள் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது.

சார் சீசாவைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “நல்லாத்தான் இருக்குது. ஆனா ஒண்ண வெச்சி எப்படிம்மா சொல்றது? இன்னொண்ணு வேணும், இதே மாதிரி நேரத்துக்குப் போட்டது. அடுத்த வாரம் சென்னையில நமக்கு ஒருநாள் குடுத்துருக்காங்க. இத உட்டா தை மாசம் தாண்டித்தான். துண்டெல்லாம் பிசின்ல ஏத்தி, அடுப்புல வெச்சி, சீவி முடிக்கவே ஒரு வாரம் ஆவும். நாளைக்கி சாயங்காலத்துக்குள்ள வந்தா வந்தது.”

தை தாண்டினால் மதகு திறந்து மூடிவிடும். நைனா சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டே வந்தார். அம்மா போனில் அழுதாள்: “எதுவும் பேசமாட்டேங்கறார்டா. மருந்து டப்பாவ எடுத்துனு போயி கொல்லையில பொதச்சிட்டு வந்துட்டாரு.”

மறுநாள் காலையிலிருந்து மழை. நான் கரையெல்லாம் தேடினேன். முன்போல நோய்த் தவளை கிடைக்கவில்லை, சாகவேண்டியதெல்லாம் செத்திருந்தது. பகலுக்கு மேல் மதகுக் கல்லோரம் ஒன்று உட்கார்ந்திருந்தது. கிட்டே போனேன், குதிக்கவில்லை. தோல் பளபளப்பு இல்லாமல் மங்கிப்போயிருந்தது. முதுகைக் கூனிக்கொண்டு வாயைத் திறந்து திறந்து மூடியது. வாயோரம் ஜவ்வு மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. டப்பாவில் போட்டுக்கொண்டு பஸ் பிடித்தேன்.

லேபில் கரண்ட் இல்லை. மழையில் மலை தெரியவில்லை. அவள் ஜன்னலோரம் டப்பாவை வைத்துக் கடிகாரத்தைக் கழற்றினாள். ஒருமணி நேரம் ஆயிற்று. தொண்டை அசைந்துகொண்டே இருந்தது. மூன்றே கால். மூன்றரை. சார் எட்டிப் பார்த்துவிட்டு, ஐந்து மணிக்குக் கிளம்புகிறேன் என்று சொல்லிப் போனார்.

“பா,” என்றேன். “இது இன்னிக்கி ஆவாது.”

“ஆவும். உக்காரு.”

“எங்க நைனா மூணு நாளா சாப்பிடல.”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“நீதானே சொன்னே, எப்படியும் சாவப்போவுதுன்னு. ஒரு ரெண்டு மணி நேரம் முன்ன பின்ன. அந்த ரெண்டு மணி நேரத்துல இது இன்னா பாக்கப் போவுது? அங்க ஒரு மனுஷன் தான் கொன்னுட்டோம்னு உக்காந்துனு இருக்கறாரு. உன்னால தெரியவெக்க முடியும். நீ உக்காந்துனு இருக்கறே.”

இதையெல்லாம் நான்தான் பேசினேன். அழுதுகொண்டு பேசினேன் என்பது சமாதானம் ஆகாது.

அவள் கடிகாரத்தை எடுத்துப் பார்த்தாள். பிறகு டப்பாவைப் பார்த்தபடியே கேட்டாள்.

“தொடை பாத்தியா? செவந்துருக்குதா?”

“செவந்துருக்குது.”

“நல்லா பாத்தியா?”

“பாத்தேன் பா.”

அவள் புரட்டவில்லை. எழுந்துபோய் மயக்கமருந்துத் தண்ணீரை அவளே கலந்தாள். நான் செய்கிறேன் என்றதற்கு, “வேணாம். நான் ஒத்துக்கினேன்ல” என்றாள். இரண்டு கையாலும் தவளையை ஏந்தி, தண்ணீருக்குள் இறக்கி, கையை எடுக்காமலே வைத்திருந்தாள். அது இரண்டுமுறை கால் உதைத்தது. அவள் விரலில் படுவது எனக்குத் தெரிந்தது. நாலு பத்துக்குத் தொண்டை நின்றது.

எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை மறைத்து எழுதக் கூடாது.

சென்னைக்குத் திண்டிவனம் மாறி முதல் பஸ்ஸில் போனோம். பிசினில் உறைந்த துண்டுகளைச் சீவி, சின்னச் செப்புச் சல்லடைத் தகடுகளில் ஒட்டி, ஒரு மூக்குப்பொடி டப்பா அளவுப் பெட்டியில் வைத்திருந்தாள். மடியிலிருந்து இறக்கவே இல்லை. நுண்ணோக்கி ஒரு ஆள் உயரத்துக்கு மேல் தூண் மாதிரி நின்றது. அறையை இருட்டாக்கி வைத்திருந்தார்கள். அதை இயக்குகிற அண்ணன் எங்களைப் பார்த்து, “செஞ்சியா? கோட்டைய உட்டுட்டு தவளையப் புடிச்சிருக்கீங்க” என்று சிரித்தார்.

முதலில் ஆறாம் எண். திரையில் சாம்பல் நிறத்தில் என்னென்னவோ நகர்ந்தன. அவர் பெரிதாக்கிக்கொண்டே போனார். ஒரு செல்லின் உள்ளே நின்றார். “தோ பாருங்க.”

ஆறு மூலை வைத்த கரும்புள்ளிகள். ஒன்றின் பக்கத்தில் ஒன்று, வரிசைக்குப் பின்னால் வரிசையாக. சிலவற்றுக்கு நடுவில் கறுப்பு, சிலவற்றுக்கு வெறும் கூடு. இவ்வளவு ஒழுங்காக ஒரு சாவு இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. என் நைனா நிமிர்ந்து நடப்பதைப் பார்த்தது மாதிரி இருந்தது எனக்கு. அவள் கையைப் பிடித்துக் குலுக்கினேன். அவளும் சிரித்தாள். நூற்றுக்கணக்கில் படம் எடுத்தோம்.

“போதும் பா, கிளம்பலாம். சாயங்கால பஸ்ஸப் புடிக்கலாம்” என்றேன்.

“ஏழு?”

“அதான் கெடச்சிடுச்சே.”

“அத பாக்காம எப்படிப் போறது?”

ஏழாம் எண் தகட்டை ஏற்றினார்கள். அண்ணன் ஒரு செல்லாகப் பார்த்துக்கொண்டே போனார். அடுத்த தகடு. சிறுநீரகம். மறுபடியும் ஈரல். ஒன்றரை மணி நேரம். எங்கேயும் ஒரு கரும்புள்ளி இல்லை. உருண்டையான உட்கரு, மடிப்பு மடிப்பாக, கலையாத நுண்ணுறுப்புகள், பொடி தூவினதுபோல ஈரல் சேர்த்துவைத்த சர்க்கரை. அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு சொன்னார்:

“எத்தினியோ பேரு கொண்டாறாங்க. இவ்ளோ நல்ல ஈரல நான் பாத்ததில்லம்மா. கரெக்டான நேரத்துல எடுத்துருக்கறே. ரொம்ப நல்லா இருக்குது.”

“ஆமா சார்,” என்றாள் அவள். “நல்லாத்தான் இருந்துருக்குது.”

திரும்பும் பஸ்ஸில் மேல்மருவத்தூர் தாண்டும் வரைக்கும் அவள் அந்தப் பெட்டியை மடியிலேயே பிடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“வாய தொறந்து தொறந்து மூடிச்சே. ஜவ்வு இருந்துச்சே. தோலு உரிச்சிருக்குது பா. உரிச்ச தோல அதுவே முழுங்கும். அப்போ கொஞ்சநேரம் அப்படித்தான் கூனிக்கினு உக்காந்துனு இருக்கும். முடிஞ்சதும் குதிச்சிப் போயிடும். நான் படிச்சிருக்கறேன். நான் எப்படி…”

“நாந்தானே புடிச்சாந்தேன்” என்றேன்.

“மழை வெளிச்சம். உனக்கு எப்படித் தெரியும்? நல்லா இருக்கறது கூட உள்ள ரோஸா தெரியும் செல நேரம்.” என் பக்கம் திரும்பினாள். “நீ இன்னா பண்ணுவே?”

நான் அந்தச் சமாதானத்தை வாங்கிக்கொண்டேன். பஸ் ஓடியது.

கொடுத்த வாக்குப்படி ஊர்க்கூட்டத்துக்கு வந்தாள். கோயில் மண்டபத்தில் ஆறாம் எண் தவளையின் படத்தைப் பெரிதாக அச்செடுத்துப் பிடித்தாள். இது ஒரு நோய், இது இருந்தால் இப்படித்தான் கூட்டம் கூட்டமாகச் சாகும், மாட்டுக்கும் மனுஷனுக்கும் பயமில்லை, ஒரு ஏரியில் போட்ட வலையைக் காயவைக்காமல் இன்னொரு ஏரியில் போடாதீர்கள் என்று சொன்னாள். அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. “மருந்து டப்பாவ ஏரியில அலம்பறது தப்புதான். யாரும் அலம்பாதீங்க. ஆனா இந்தத் தவள இந்த நோயில செத்தது. அது வரைக்கும்தான் எனக்குத் தெரியும்.”

தலைவர் படத்தை வாங்கிக் கையை நீட்டித் தள்ளிப் பார்த்தார்.

“நாத்து நட்ட மாதிரி இருக்குதே. எவ்ளோ நேரா!”

பின்னாலிருந்து ஒரு கிழவர் எட்டிப் பார்த்து, நைனாவைக் காட்டினார். “அப்போ இது அவன் வேல இல்லப்பா. அவன் என்னிக்கி நேரா நட்டான்?”

மண்டபமே சிரித்தது. நைனாவும் சிரித்தார். வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, தோள் குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்போடு விஷயம் முடிந்தது. அன்று எங்கள் வீட்டில் அவர் இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொண்டார்.

அவள் ஆய்வேட்டை எழுதி முடித்தாள். ஏழாம் எண்ணை விடாமல் எழுதினாள்: நோய் இல்லை, ஆரோக்கியமான திசு என்று. ஆராய்ச்சிக்குச் சேர்ந்துகொள் என்று சார் எவ்வளவோ சொன்னார். மண்டியில் அப்பாவுக்கு ஆள் வேண்டும் என்றாள். அதற்கு முன்னால் அவள் மண்டி என்ற வார்த்தையைச் சொல்லியே நான் கேட்டதில்லை.

கடைசியாக அவளைப் பார்த்தது செஞ்சி பஸ் நிலையத்தில். படிப்பு முடிந்து ஒரு வருஷம் இருக்கும். சித்திரை வெயில். குழாயடியில் குனிந்து இரண்டு கையையும் குவித்துத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“நைனா நல்லா இருக்கறாரா?”

“இருக்கறாரு. உன்னக் கேப்பாரு. துணி எங்க பா?”

“எங்கியோ வெச்சிட்டேன்.” பஸ் வந்துவிட்டதுபோலத் திரும்பிப் பார்த்தாள். எந்த பஸ்ஸும் வரவில்லை. “வடிகட்டி இன்னா ஆவப்போவுது, சொல்லு.”

பிறகு கல்யாணமாகி எங்கோ வடக்கே போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். அந்தப் படத்தை நைனா லேமினேஷன் செய்து சாமி படங்களுக்குக் கீழே மாட்டியிருக்கிறார். வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார். “அந்தப் பொண்ணு ஏன்டா வர்றதே இல்ல? நம்மள மறந்துடுச்சா?” என்று கேட்பார். புதிதாக வாங்கிய மருந்து டப்பாவை இப்போது வீட்டுக்குப் பின்னால் குழிவெட்டி அங்கேதான் அலம்புகிறார். நன்றாகத் தூங்குகிறார்.

போன மாதம் கல்லூரியில் பழைய மேசைகளை ஒழித்தபோது சார் கூப்பிட்டு அவளுடைய நீள நோட்டை என்னிடம் கொடுத்தார். “உங்க ரெண்டு பேருதுதானே, எடுத்துனு போ.” பஸ்ஸில் வைத்துப் பிரித்தேன். ஒன்று: தானாக. இரண்டு: தானாக. மூன்று, நான்கு, ஐந்து. ஆறில் தானாக, கீழே அந்தக் கோடு. ஏழு. உட்கார்ந்த நேரம் இரண்டு ஐந்து. தொண்டை நின்ற நேரம் நாலு பத்து. கடைசிக் கட்டத்தில் ஒரு வார்த்தை இருந்தது.

என்னால்.

அது பொய். அவள் எழுதின ஒரே பொய், அதுவும் அவளுக்குத் தெரியாமலே எழுதினது. பேனாவை எடுத்து அடித்துவிட்டு மாற்றி எழுதலாமென்று பார்த்தேன். அது அவள் நோட்டு. அதனால் இங்கே எழுதுகிறேன்.

தொடை பார்த்தியா என்று கேட்டாய். நல்லா பார்த்தியா என்று இரண்டாம் தரமும் கேட்டாய். மழையும் காரணம் இல்லை, வெளிச்சமும் காரணம் இல்லை பா. நான் அதைப் புரட்டவே இல்லை.